பிரேக் பிடிக்காத காரை நிறுத்துவது எப்படி?

ஓடிக்கொண்டிருக்கும் காரில் திடீரென்று பிரேக் பிடிக்காமல் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும், கை பிரேக்கை இழுத்தால் கார் கவிழ்ந்துவிடாதா, இன்ஜினை அணைத்தால் வண்டி நின்றுவிடுமா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக் மிதி தொளதொளவென்று ஆழமாகப் போனால், வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். இறுகிக் கிடந்தால், ஒரே மூச்சில் முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள். கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். நடக்கும் வேகத்துக்கு வந்து சேரும்வரை இன்ஜினை அணைக்கக் கூடாது, நியூட்ரலுக்கும் போகக் கூடாது.

இனி காரணங்கள். காரணம் புரிந்திருந்தால் பதற்றத்திலும் வரிசை மறக்காது என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

இன்றைய காரில் கால் பிரேக் முழுவதுமாகச் செத்துப்போவது மிக அபூர்வம். 1960களின் இறுதியிலிருந்தே கார்களில் பிரேக் ஆயில் ஓடும் பாதையை இரண்டாகப் பிரித்து அமைப்பது வழக்கமாகிவிட்டது. மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு சக்கரங்களைப் பார்த்துக்கொள்ளும். முன்சக்கர இயக்கமுள்ள பெரும்பாலான கார்களில் இந்தப் பிரிப்பு குறுக்காக இருக்கும்: முன் இடதும் பின் வலதும் ஒரு பாதையில், முன் வலதும் பின் இடதும் இன்னொன்றில். ஒரு குழாய் வெடித்து ஆயில் முழுவதும் கொட்டிப் போனாலும் மற்ற பாதி வேலை செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் ஒரு பாதை போய்விட்டால் மிதி வழக்கமான இடத்தில் பிடிக்காது. உள்ளே அந்தப் பிஸ்டன் வெறுமனே நகர்ந்து அடுத்ததைத் தொட்ட பிறகுதான் மீதிப் பாதையில் அழுத்தம் ஏறும். ஓட்டுபவர் என்ன உணர்வார்? கால் சட்டென்று பள்ளத்தில் விழுவதுபோல் இறங்கும், எதுவும் பிடிக்காது. பலர் அந்தக் கணத்திலேயே "பிரேக் போய்விட்டது" என்று காலை எடுத்துவிடுகிறார்கள். இன்னும் இரண்டு அங்குலம் அழுத்தியிருந்தால் பாதி பிரேக் பிடித்திருக்கும். ஆகவே மிதி இறங்கினால் தயங்காமல் தரை தட்டும்வரை அழுத்துங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கக்கூடும், நிற்க அதிகத் தூரம் எடுக்கும், ஆனால் நிற்கும்.

அடுத்தது, மிதி காலுக்குச் சொல்லும் செய்தி. எல்லாக் கோளாறுக்கும் ஒரே மருந்து இல்லை. ஒன்றுக்குச் சரியான செயல் இன்னொன்றில் கெடுதலாகவே முடியும். ஆகையால் மிதி எப்படி இருக்கிறது என்பதை முதல் ஒரு விநாடியில் கவனித்துவிட வேண்டும்.

மிதி மெத்தென்று தரைவரை போகிறதா? ஆயில் கசிந்திருக்கலாம், குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம், சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகியிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல்கள் தேய்ந்திருக்கலாம். இவை எல்லாவற்றிலும் விட்டு விட்டு மிதிப்பது பயன் தரும். மிதி மேலே வரும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயில் உள்ளே வரும், அடுத்த மிதியில் அது குழாய்க்குள் தள்ளப்படும். காலை முழுவதும் தூக்கி முழுவதும் அழுத்த வேண்டும். பாதி மிதி பயன்படாது. நாலைந்து மிதியில் காலுக்குக் கீழே ஏதோ தாங்குவது தெரிந்தால், அங்கேயே நிறுத்தி அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், விடாதீர்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் விட்டு விட்டு மிதிக்கக் கூடாது என்று படித்திருப்பீர்கள். அது பிரேக் நன்றாக இருக்கும் காருக்குச் சொன்னது. மிதி தரைக்குப் போய்விட்ட பிறகு ஏபிஎஸ் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வேண்டியதில்லை.

மிதி இறுகிப்போய் அசைய மறுக்கிறதா? பெரும்பாலும் இது பிரேக் பூஸ்டரின் கோளாறு, அல்லது இன்ஜின் நின்றுபோயிருக்கிறது. பூஸ்டர் என்பது இன்ஜினிலிருந்தோ தனிப் பம்பிலிருந்தோ கிடைக்கும் வெற்றிடத்தைக் கொண்டு உங்கள் காலின் பலத்தைப் பல மடங்காக்கித் தரும் வட்டமான பெட்டி. அது போய்விட்டாலும் ஆயிலும் குழாயும் நன்றாகவே இருக்கின்றன, பிரேக்கும் இருக்கிறது. கேட்பது உங்கள் முழு பலத்தை. இங்கே விட்டு விட்டு மிதிப்பது பெரும் தவறு, ஏனென்றால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே மிச்ச வெற்றிடம் இருக்கும், அதைக் காலைத் தூக்கித் தூக்கிச் செலவழித்துவிடுவீர்கள். இருக்கையில் முதுகை நன்றாகச் சாய்த்து, காலை நீட்டி, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வலது கால் போதவில்லை என்றால் இடது காலையும் மேலே வையுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள் என்று சொல்வதற்கும் முதல் காரணம் இதுதான்: அணைத்த சில மிதிகளில் நன்றாக இருக்கும் பிரேக்கையும் இந்த நிலைக்கு நீங்களே கொண்டுவந்துவிடுவீர்கள்.

மிதி வழக்கம்போல் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் கார் வேகம் குறையவில்லை. இது மலை இறக்கத்தில் வருவது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடுகள் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வுச் சக்தியை இழந்திருக்கின்றன. பெரும்பாலும் முதலில் மூக்குக்குத் தெரியும், கருகிய வாடை வரும். இந்த நிலையில் வேகத்தைத் தாங்க வேண்டியது கியர்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மிதி பாதியில் எதிலோ முட்டி நிற்கிறதா? தண்ணீர் பாட்டில், செருப்பு, சுருண்ட தரைவிரிப்பு என்று ஏதோ ஒன்று அடியில் சிக்கியிருக்கிறது. குனிந்து எடுக்க முயலாதீர்கள். சாலையிலிருந்து கண் போனால் ஸ்டீயரிங்கும் போய்விடும். காலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். அதற்குள் கியரையும் கை பிரேக்கையும் தொடங்கிவிடுங்கள்.

வழுக்கும் சாலையில் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது மிதி காலுக்கடியில் கடகடவென்று துடித்தால் அது கோளாறே அல்ல, ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது. பயந்து காலைத் தளர்த்தாமல் அழுத்திக்கொண்டே இருங்கள்.

இப்போது கியர். சாதாரண கியர் காரில் ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிளட்சை முழுவதும் விட்டு, இன்ஜின் உறுமி வேகத்தை உள்வாங்குவதற்கு ஓரிரு விநாடி கொடுங்கள். இன்ஜின் சத்தம் அடங்கத் தொடங்கியதும் அடுத்த கியர். பயத்தில் நேராக முதல் கியருக்குத் தாவுவதுதான் இதில் நடக்கும் மிக மோசமான தவறு என்பது என் கருத்து. என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேகம் அதிகமாக இருப்பதால் முதல் கியர் விழாமல் கரகரக்கும். இருந்த கியரிலிருந்து ஏற்கெனவே வெளியே வந்தாயிற்று. கிளட்ச் அழுந்தியிருக்கிறது, கியர் தண்டு நடுவில் நிற்கிறது, கார் இறக்கத்தில் எந்தத் தடையும் இல்லாமல் வேகம் எடுக்கிறது. வலிந்து உள்ளே தள்ளினாலும் கிளட்சை விட்ட கணத்தில் இயக்கச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கக்கூடும். ஒவ்வொரு படியாக இறங்குவது மெதுவான வழியாகத் தோன்றும், ஆனால் அதுதான் நம்பத் தகுந்த வழி.

ஆட்டோமேட்டிக் காரில் தண்டுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளை இன்றே ஒருமுறை பாருங்கள். எல், 2, எஸ், எம், கூட்டல் கழித்தல் குறிகள், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பட்டைகள், ஹைபிரிட் காரில் பி (B) என்ற எழுத்து என இவற்றில் ஏதோ ஒன்று உங்கள் காரில் இருக்கும். அதுதான் உங்கள் இன்ஜின் பிரேக். வேகம் அதிகமாக இருந்தால் கணினி கீழ் கியரைத் தர மறுத்துச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். மறுபடி மறுபடி கேளுங்கள். மின்சாரக் காரில் மோட்டாரே மின்னாக்கியாகச் சுழன்று வேகத்தைக் குறைக்கிறது. அந்த அமைப்பை உச்சத்தில் வைத்துவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே கணிசமாகக் குறையும். ஒரு விஷயம்: பேட்டரி நிறைந்திருக்கும்போது இந்தத் தடை குறைந்துவிடும், ஏனென்றால் கிடைக்கும் மின்சாரத்தைப் போட இடம் இருக்காது. மலை உச்சியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே இறங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கை பிரேக்குக்கு வருவோம். உங்கள் பயம் பாதி நியாயமானது. அது ஆயிலை நம்பி இருப்பதல்ல, கம்பியால் இழுபடுவது, அதனால்தான் கால் பிரேக் போன பிறகும் வேலை செய்கிறது. பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். வேகம் குறையும்போது காரின் பாரம் முன்னால் சாய்ந்துவிடும், பின்சக்கரங்கள் லேசாகிவிடும். அந்த நேரத்தில் தண்டை ஒரே வெட்டாக இழுத்தால் பின்சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், காரின் வால் பக்கவாட்டில் வீசும். நேரான சாலையில் அதனால் மட்டும் கார் கவிழாது. பக்கவாட்டில் சறுக்கும் கார் சாலையோரக் கல்லிலோ மண்ணிலோ தட்டும்போதுதான் கவிழும்.

அதைத் தடுக்கும் முறை எளிது. தண்டின் முனையில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியே வைத்திருங்கள், கடைசிவரை விடாதீர்கள். பொத்தான் அழுந்தியிருந்தால் பல் விழாது, க்ளிக் சத்தம் கேட்காது, தண்டு உங்கள் கையின் பேச்சைக் கேட்கும். மெல்ல மேலே இழுங்கள். பின்பக்கம் கொஞ்சம் உட்காருவதுபோல் தெரியும், அதுதான் பிடிக்கும் இடம். அங்கே நிறுத்தி, இன்னும் சிறிது கூட்டுங்கள். டயர் கிறீச்சிட்டாலோ வால் ஆடினாலோ உடனே தண்டைக் கீழே விட்டு, கார் நேரானதும் மறுபடி இழுங்கள். ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போது இழுக்காதீர்கள். வளைவுக்கு முன்னால் இழுங்கள், வளைவில் தளர்த்துங்கள். கால் பிரேக்கின் பலத்தில் ஒரு பங்குதான் இதில் கிடைக்கும், அதனால் கியரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக் உள்ள காரில், அதை விடுவிக்கும் பிடியைக் கையால் இழுத்து வைத்துக்கொண்டு மிதிக்க வேண்டும். விரலால் இயக்கும் மின்னணுப் பார்க்கிங் பிரேக் என்றால் இன்னும் எளிது. பல கார்களில் அந்தச் சுவிட்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், கார் ஓடும்போதும் கணினி அதை அவசரப் பிரேக்காக எடுத்துக்கொண்டு, சக்கரம் பூட்டாமல் பார்த்து வண்டியை நிறுத்தும். சுவிட்சை ஒரு தட்டு தட்டிவிட்டு விடுவதால் பயனில்லை, பிடித்தபடியே இருக்க வேண்டும். உங்கள் காரில் எந்தப் பக்கம் இழுப்பது, எப்படிப் பிடிப்பது என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள்.

கால், கை இரண்டும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அபாய விளக்குகளைப் போடுங்கள், ஹார்னை நீளமாக அடியுங்கள். உள்ளே இருப்பவர்களிடம் பெல்ட்டை மாட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

இன்ஜினை அணைப்பது பற்றிய கேள்விக்குத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆலோசனை எங்கும் பரவிக் கிடக்கிறது. அணைத்தால் பூஸ்டர் போகும் என்று பார்த்தோம். பவர் ஸ்டீயரிங்கும் போகும், சக்கரத்தைத் திருப்ப இரண்டு கையின் பலமும் வேண்டியிருக்கும். சாவியை இன்னும் ஒரு படி திருப்பி வெளியே எடுத்துவிட்டால் பல கார்களில் ஸ்டீயரிங் பூட்டியே கொள்ளும். பிரேக் இல்லாத காரைத் திருப்பி உயிர் பிழைக்கலாம். திருப்பவும் முடியாத காரில் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் கடைசிக் கட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் கியரில் நடக்கும் வேகத்துக்கு வந்துவிட்டீர்கள், கார் மட்டும் நிற்க மறுத்து ஊர்ந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் இன்ஜின் தன் சும்மா ஓடும் வேகத்தில் அதை இழுக்கிறது. அப்போது கிளட்சைத் தொடாமல் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி இன்ஜினை நிறுத்துங்கள். கியரில் இருக்கும் செத்த இன்ஜின் காரைப் பிடித்து நிறுத்தும். ஆட்டோமேட்டிக் காரில் கடைசியாக ஊரும் வேகத்தில் பி (P, பார்க்கிங்) நிலைக்கு மாற்றுங்கள். வேகத்தில் அதைச் செய்தால் கியர்பெட்டிக்குள் இருக்கும் சிறு கொக்கி கடகடவென்று தட்டிக்கொண்டே போகும், நிறுத்தாது. ஓடும்போது ரிவர்ஸ் போடுவதும் அப்படித்தான்.

நிறுத்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதில் கொஞ்சம் கணக்கு உதவும். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. மேட்டில் ஏற்றி நிறுத்தலாம் என்று சொல்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் எவ்வளவு மேடு? எந்தப் பிரேக்கும் இல்லாமல், புவியீர்ப்பு மட்டுமே தடுப்பதாக வைத்துக்கொண்டால், 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு 5 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 72 கிலோமீட்டர் வேகம் என்றால் 20 மீட்டர். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. நூறு மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் சாலையில் முதல் காருக்கு 100 மீட்டரும் இரண்டாவதற்கு 400 மீட்டரும் தேவைப்படும். இன்ஜின் தடையும் காற்றும் இதைக் குறைக்கும் என்றாலும் விகிதம் பெரிதாக மாறாது. பக்கத்தில் ஏறும் சாலை வருவதற்கு முன்பே கியரால் வேகத்தைப் பாதியாக்கிவிட்டால், வேண்டிய மேடு கால்பங்காகிவிடும். மேட்டில் நின்ற கணத்தில் கார் பின்னால் உருளத் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நிற்பதற்கு முன்பே கை பிரேக் முழுவதும் மேலே இருக்கட்டும், முதல் கியர் விழுந்திருக்கட்டும்.

பல நாடுகளில் நீண்ட இறக்கங்களில் பிரேக் போன வண்டிகளுக்கென்றே பக்கவாட்டில் சரளைக் கல் நிரப்பிய தனிப் பாதை அமைத்திருப்பார்கள். அது லாரிக்கு மட்டும் உரியதல்ல. கண்ணில் பட்டால் யோசிக்காமல் ஏற்றுங்கள். கார் கல்லில் புதையும், இழுத்து எடுப்பது பெரிய வேலை, அதனால் என்ன. அது இல்லாத இடத்தில் சாலையோர மண், மணல், உயர்ந்த புல் ஆகியவை சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மண்ணில் இறக்கும்போது ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், கார் அந்தப் பக்கமாக இழுக்கும். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும். ஆகவே மோதப் பயப்படும் மரத்தைப் பார்க்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

எதுவும் கைகொடுக்காமல் எதிலாவது மோதித்தான் நிறுத்த வேண்டும் என்ற நிலை வந்தால், எதில், எந்தக் கோணத்தில் என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு கம்பத்தில் நேராக மோதி அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருப்பவர் உடலின் மேல் புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு விசை விழும். அதே வேகத்தில் புதருக்குள் 5 மீட்டர் ஓடி நின்றால் ஒரு மடங்குதான், ஒரு கடுமையான பிரேக்கை விட அதிகமில்லை. வித்தியாசம் முழுவதும் நிற்கும் தூரத்தில் இருக்கிறது. புதர், வேலி, மணல்மேடு ஆகியவை நல்லவை. மரம், கம்பம், பாலத்தின் சுவர் முனை, எதிரே வரும் வண்டி ஆகியவற்றை எப்பாடுபட்டாவது தவிர்க்க வேண்டும். சாலையோர இரும்புத் தடுப்பு நீளமாக இருந்தால் காரின் பக்கத்தை மிகச் சாய்வான கோணத்தில் அதன்மேல் உரசவிடுங்கள். கதவுகள் கிழியும், பயங்கரமான சத்தம் வரும், ஆனால் ஒவ்வொரு மீட்டரும் வேகத்தைத் தின்னும். செங்குத்தாகத் திருப்பினால் அது உரசல் அல்ல, மோதல். மனிதர்கள் இருக்கும் பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பாதீர்கள். காரிலிருந்து குதிப்பதும் வேண்டாம். பெல்ட்டும் காற்றுப்பையும் உள்ளே இருப்பவருக்குத்தான் உதவும். குதித்த பிறகு ஓட்டுநரில்லாத கார் யார்மேல் போகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு அபாயம் இருக்கிறது: பிரேக் போகவில்லை, ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது. இன்ஜின் தானாக அலறுகிறது, கார் முன்னால் பாய்கிறது. இங்கே எல்லாமே தலைகீழ். நியூட்ரலுக்குப் போவதுதான் சரி, விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிரேக்கைப் பிடிப்பதுதான் சரி. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் காரில் பொருந்தாத தரைவிரிப்பு ஆக்சிலரேட்டரைக் கவ்விக்கொண்டு, உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள். அதன்பிறகு அந்த நிறுவனம் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விரிப்புகள் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஓட்டுநர் பக்க விரிப்பு கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு சில நேரம் காலே தவறான மிதியில் இருக்கும். 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 காரைப் பற்றி, பிரேக்கை அழுத்த அழுத்தக் கார் பாய்கிறது என்று ஏராளமான புகார்கள் எழுந்தன. 1989இல் வெளிவந்த அரசு ஆய்வு, பெரும்பாலான நிகழ்வுகளுக்குக் காரணம் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததாகவே இருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. இதைச் சொல்வது யாரையும் குறை கூற அல்ல, பயத்தில் எவருக்கும் நடக்கக்கூடியது. அழுத்த அழுத்த வேகம் கூடினால், காலை முழுவதும் தூக்கி, இடம் பார்த்து மறுபடி வையுங்கள்.

மலை இறக்கத்தில் பிரேக் ஏன் தோற்கிறது என்பதற்கு வருகிறேன், தடுக்கக் கூடிய பெரும்பாலான விபத்துகள் அங்கேதான் இருக்கின்றன. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அந்த உயரத்தின் ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 2 யூனிட் மின்சாரம் வருகிறது, 20 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். நியூட்ரலில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை உள்ளங்கை அளவுள்ள பேடுகளும் நான்கு இரும்புத் தட்டுகளும் விழுங்க வேண்டியிருக்கும். எரிபொருள் மிச்சமாகும் என்று நினைத்து இதைச் செய்கிறார்கள். அந்த மிச்சமும் கிடைப்பதில்லை. கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கு எரிபொருள் வேண்டும்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள், இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே இறங்க வேண்டாம். வேகம் கூடும்போது உறுதியாக ஒருமுறை பிடித்துக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள், இடையில் காற்றுப் பட்டுச் சூடு ஆறட்டும். சூட்டில் தோற்ற பேடைக் கழற்றிப் பார்த்தால் அதன் முகம் வழவழவென்று பளபளக்கும், ஓரங்கள் வெளிறிப்போயிருக்கும். ஆறிய பிறகும் அது முன்போல் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் (பேடு பிடிக்கும் இரும்புத் தட்டு) கோணிப்போகும், விரிசலும் விடலாம். கை பிரேக்கை மட்டும் நம்பியும் விடாதீர்கள். சூட்டில் விரிந்த டிஸ்க் ஆறும்போது சுருங்கி, இழுத்து வைத்த பிடி தளர்ந்துவிடும்.

பிரேக் ஆயில் இந்தக் கதையின் மறைந்திருக்கும் பாதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகையில் இவை 230, 155. மூன்று நான்கு ஆண்டுகள் மாற்றாத ஆயில் ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் காட்டாது. நீண்ட இறக்கத்தின் நடுவில்தான் காட்டும்: கொதித்து ஆவியாகி, மிதி தரைக்குப் போகும். பெரும்பாலான நிறுவனங்கள் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன, அதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். டப்பாவில் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாமல், பேடு தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தப்பித்தவறி இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போகும், அந்தக் காரை ஓட்டவே கூடாது.

பிரேக் சொல்லாமல் போவதில்லை. சிக்னலில் நிற்கும்போது மிதியை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க அது மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள் கசிவு என்று பொருள். இதைப் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. கை பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் ஓட்டாதீர்கள். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரணப் பிரேக் இருக்கும், நிதானமாகப் பணிமனைக்குப் போகலாம். இரண்டும் சேர்ந்து எரிந்தால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். கிறீச்சென்ற மெல்லிய சத்தம் பேடு தீரப்போகிறது என்பது, இரும்பு உரசும் சத்தம் தீர்ந்துவிட்டது என்பது. சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்ப் பசையோடு நனைந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கார் வேண்டாம். தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்த பிறகு, பின்னால் வண்டி இல்லாதபோது பிரேக்கை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் போய் உலர்த்திக்கொள்ளுங்கள்.

ஒருமுறை பிரேக் போய் எப்படியோ நின்றுவிட்ட காரை, விட்டு விட்டு மிதித்ததில் மிதி மேலே வந்துவிட்டது என்பதற்காக மறுபடி ஓட்டிச் செல்லாதீர்கள். ஆறியதும் ஆவி மறைந்து மிதி புதிதுபோல் இருக்கும், அடுத்த இறக்கத்தில் மறுபடி போகும். இழுத்துச் செல்வதுதான் ஒரே வழி. மெக்கானிக்கிடம் "பிரேக் பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், மிதி தரைக்குப் போனதா, இறுகியதா, வாடை வந்ததா, எவ்வளவு நேரம் இறக்கத்தில் இருந்தீர்கள் என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை குறையும்.

கடைசியாக, இதையெல்லாம் படிப்பது மட்டும் போதாது. யாரும் இல்லாத ஒரு பெரிய மைதானத்தில், காய்ந்த தரையில், 20 கிலோமீட்டர் வேகத்தில் கால் பிரேக்கைத் தொடாமல் காரை நிறுத்திப் பாருங்கள். முதலில் கியரால் மட்டும், பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கை பிரேக்கால் மட்டும், பிறகு இரண்டையும் சேர்த்து. மின்னணுச் சுவிட்ச் உள்ள கார் என்றால் கையேடு அனுமதிக்கும் முறையில் செய்யுங்கள். பக்கத்தில் அடிக்கடி உட்கார்ந்து வருபவருக்கும் கை பிரேக் தண்டு எங்கே இருக்கிறது, எப்படி இழுப்பது என்று காட்டுங்கள். ஓட்டுபவர் மயங்கி விழுந்தால் காரை நிறுத்த வேண்டியவர் அவர்தான்.